கூண்டில் நின்று டாக்டரம்மா சொன்ன வார்த்தை

கோர்ட்டில் டாக்டரம்மா பேசி முடித்தார். ஓட்டுக் கூரையின்மேல் ஆனிச் சாரல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. நனைந்து வந்த வக்கீல்களின் கறுப்புக் கோட்டுகளிலிருந்து ஒரு புழுங்கிய வாடை வந்துகொண்டிருந்தது.

டாக்டரம்மா இங்கிலீஷில்தான் சாட்சி சொன்னார். நான் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை வரை படித்தவள். அதனால் அவர் சொன்னதில் பெரும்பகுதி எனக்குப் புரிந்தது. எங்கள் வக்கீல் கேட்ட கடைசிக் கேள்விக்கு அவர் சொன்ன பதில் இது: "இந்தப் பெண் தன் குழந்தையை வளர்க்கத் தகுதி உள்ளவள். இதை நான் அட்வைஸெட்லி சொல்கிறேன்."

முடிவில் வந்த அந்த ஒரு சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. எந்தப் புத்தகத்திலும் பார்த்ததுமில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். கோட்டின் இரண்டு ஓரங்களையும் இழுத்து விட்டுக்கொண்டார். அவர் முகத்தில் சிரிப்பு என்று சொல்ல முடியாத ஒன்று இருந்தது. மீனவர் இழுக்கும் வலை கனத்தால் அவர் முகத்தில் ஒரு மாற்றம் வருமே, அந்த மாதிரி.

"யார் சொன்ன அட்வைஸ், டாக்டர்?" என்று கேட்டார்.

தகுதி உண்டா இல்லையா என்று அன்று பேசப்பட்ட அந்தப் பெண் நான்தான். எனக்கு அப்போது இருபது வயது. என் மகள் வசந்தாவை நான் பார்த்து ஏழெட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

எல்-ஒய் என்கிற வால்

நாகர்கோவிலில் கிறிஸ்தவப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு இங்கிலீஷ் சொல்லித்தந்த டீச்சர் ஒரு சுலபமான வழி வைத்திருந்தார். ஒரு சொல்லின் முடிவில் எல்-ஒய் வந்தால், தமிழில் 'ஆக' என்று சேர்த்துக்கொள். ஸ்லோ என்றால் மெது, ஸ்லோலி என்றால் மெதுவாக. ஸ்வீட் என்றால் இனிமை, ஸ்வீட்லி என்றால் இனிமையாக.

எனக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடிக்கும். ராஜாக்கமங்கலத்தில் அப்பாவின் பலசரக்குக் கடையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் மனசுக்குள் ஒரு எல்-ஒய் ஒட்டிப் பார்ப்பேன். உப்பு வாங்க வருகிற கிழவர் அவசரமாக. கருவாட்டுக் கூடைக்காரி சத்தமாக. அப்பா எப்போதும் பொறுமையாக.

அந்த விளையாட்டுதான் கோர்ட்டில் என்னைக் கவிழ்த்தது. வக்கீல் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் என் மனசு தானாகக் கணக்குப் போட்டுவிட்டது. அட்வைஸ் என்றால் புத்திமதி. அட்வைஸ்ட் என்றால் புத்திமதி சொல்லப்பட்ட. அதோடு எல்-ஒய் சேர்ந்தால்? யாரோ புத்தி சொன்னபடியாக.

அப்படியானால் டாக்டரம்மா யாரோ சொல்லிக்கொடுத்ததை வந்து சொல்கிறார். அதை அவரே ஒத்துக்கொள்கிறார். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. என் முகத்தைப் பார்த்து, "என்ன மக்கா, என்ன கேக்கான்?" என்று முணுமுணுத்தாள். வசந்தா இனி எனக்கு இல்லை என்றே நினைத்தேன்.

ஏன் அவ்வளவு பயந்தேன் என்பது தெரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கொட்டாரத்துக் கிணறு

திருவிதாங்கூர்க் காசான சக்கரம் போய் அணா புழங்கத் தொடங்கிய காலத்தில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை வீடு கொட்டாரம். வயலும் ஒரு ஜவுளிக்கடையும் உள்ள குடும்பம். மாமனார் இல்லை. மாமியார்தான் எல்லாம். மாமி என்று கூப்பிடுவேன். உயரமான பொம்பளை, குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வயலில் களை எடுக்க வந்தவர்கள் மாமி வரப்பில் நின்றாலே பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள்.

வசந்தா பிறந்தது என் தகப்பன் வீட்டில். பேறுகாலத்து நாற்பத்தொரு நாள் கழிந்ததும் கொட்டாரத்துக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே போன கொஞ்ச நாளில் எனக்கு உறக்கம் போய்விட்டது.

உறக்கம் வராமல் தவிப்பது வேறு. எனக்கு உறக்கம் என்பதே தேவையில்லை என்று தோன்றிவிட்டது. பகலெல்லாம் வேலை செய்தேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன். யாரோ தொழுவத்துப் பக்கமிருந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது கேட்கும். போய்ப் பார்த்தால் மாடு அசைபோட்டுக்கொண்டு நிற்கும். குழந்தையின் உடம்பு கொதிக்கிறது என்று எனக்குப் பட்டுக்கொண்டே இருந்தது. தொட்டுப் பார்க்கிற மற்றவர்கள் சாதாரணச் சூடுதான் என்றார்கள். அவர்கள் என்னிடம் மறைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஒரு மத்தியானம், வெயில் உச்சியில் நிற்கும்போது, குழந்தையை எடுத்துக்கொண்டு கொல்லைக் கிணற்றுக்குப் போனேன். கைப்பிடிச் சுவரின்மேல் ஏறி நின்றேன். கீழே தண்ணீர் கறுப்பாக, குளிர்ச்சியாகத் தெரிந்தது. குழந்தையின் சூடு தணிய வேண்டும் என்பது ஒன்றுதான் என் நினைப்பு. பாடிக்கொண்டும் இருந்தேனாம். அது எனக்கு நினைவில்லை.

மாமி பின்னால் வந்தார். கத்தவில்லை. ஓடி வரவுமில்லை. பிள்ளைக்குப் பசிக்கும், இங்கே தா என்று சாதாரணமாகக் கையை நீட்டினார். நானும் சாதாரணமாகக் கொடுத்துவிட்டேன். குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார். அந்தப் பிடியின் தடம் என் கையில் இரண்டு நாள் கன்றிப்போய்க் கிடந்தது.

அன்றே அப்பாவுக்கு ஆள் போயிற்று. என்னை ராஜாக்கமங்கலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தையை அனுப்பவில்லை.

இதில் மாமியைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அவர் கண்ணால் கண்டவர். என் வீட்டுக்காரர், ஜவுளிக்கடையைப் பார்த்துவந்த தன் அண்ணனுக்கும் தாயாருக்கும் நடுவில் வாயில்லாமல் நின்றார். ஊரில் என் பேரைச் சொல்லி, பொன்னம்மைக்குப் பிராந்து பிடித்துவிட்டது, பைத்தியமாகிவிட்டாள் என்ற பேச்சு எனக்கு முன்னால் பஸ் ஏறி வந்து சேர்ந்திருந்தது.

ஒரே கேள்வி

அம்மா அய்யாவழி என்கிற எங்கள் பக்கத்துச் சமயத்தைப் பின்பற்றுகிறவள். முதலில் என்னை அவர்கள் கோவிலான பதிக்குக் கூட்டிக்கொண்டு போய், பக்கத்துப் புனித முத்திரிக் கிணற்றில் குளிக்க வைத்து, நெற்றியில் நாமம் இட்டாள். எனக்கு மெல்ல உறக்கம் வரத் தொடங்கியது. ஆனாலும் அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. மேற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் இருக்கிறார், பேறுகாலத்துக்குப் பிறகு வருகிற கோளாறெல்லாம் தெரிந்தவர் என்று யாரோ சொன்னார்கள். ரேச்சல் டாக்டரம்மா.

நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சேலை, கறுப்பு ஷூ, காதில் கழுத்தில் ஒன்றுமில்லை. கல்குளம் பக்கத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரியும். அவர் என்னைப் பார்த்து அய்யோ பாவம் என்றும் சொல்லவில்லை, ஒன்றுமில்லை சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. வார்டில் ஒரு கட்டில் கொடுத்தார். சிவப்புத் தரை, பினாயில் மணம், ஜன்னலுக்கு வெளியே ஒரு அயனிப் பலா மரம். காலையில் கஞ்சியும் பயறும்.

ஒவ்வொரு நாளும் சாயந்தரம் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவார். பல விஷயம் பேசுவார். பேச்சின் ஊடே ஒரே ஒரு கேள்வி மட்டும் மறுபடி மறுபடி வரும். அன்று கிணற்றங்கரையில் என்ன நடந்தது?

முதலில் நினைவில்லை என்றேன். சும்மா காற்றுக்காகப் போய் நின்றேன் என்று இன்னொரு நாள் சொன்னேன். மாமி பெரிதாக்கிச் சொல்கிறார் என்றும் ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். அவர் எதையும் மறுக்கவில்லை. சரி என்று எழுந்து போய்விடுவார். நான் சொன்னதை நம்பினாரா இல்லையா என்பது அந்த முகத்தில் தெரியவே தெரியாது.

நாளாக நாளாக எனக்கு ஒரு சந்தேகம் வந்து பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் நம்புவது இருக்கட்டும். நான் என்னை நம்பலாமா? அன்று மாமி வராமல் இருந்திருந்தால்? அந்த நினைப்பு வந்த பிறகு கஞ்சி இறங்கவில்லை.

ஒரு சாயந்தரம் எல்லாவற்றையும் சொன்னேன். தொழுவத்திலிருந்து கேட்ட குரல், குழந்தையின் கொதிப்பு, கறுப்புத் தண்ணீர். குழந்தையைத் தண்ணீரில் இறக்கத்தான் போனேன், மாமி வந்திருக்காவிட்டால் இறக்கியிருப்பேன் என்றும் சொன்னேன். அழுகை வரவில்லை. அவரும் ஆறுதல் சொல்லவில்லை. நான் சொல்லி முடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அயனி மரத்தில் காக்கைகள் வந்து அடைந்தன. பிறகு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகும் என்னைச் சில வாரம் வைத்திருந்துதான் வீட்டுக்கு அனுப்பினார். நான் சுகமாகிவிட்டேனா என்று அப்பா கேட்டதற்கு, கேட்க வேண்டிய இடத்தில் கேட்டால் சொல்வேன் என்று பதில் சொன்னாராம். அப்பாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. வேறு வழியில்லாததால் அதை நம்பித்தான் நாகர்கோவில் கோர்ட்டில் குழந்தைக்காக மனு கொடுத்தார்.

யார் சொன்ன அட்வைஸ்?

விசாரணையில் மாமிதான் முதலில் கூண்டில் ஏறினார். கண்டதைக் கண்டபடி சொன்னார். கூட ஒரு சொல் இல்லை, குறையவும் இல்லை. எங்கள் வக்கீல் எவ்வளவோ குடைந்தும் அவர் சாட்சி அசையவில்லை. அதற்கு அடுத்துத்தான் டாக்டரம்மா வந்தார், அந்தச் சொல்லைச் சொன்னார், எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து யார் சொன்ன அட்வைஸ் என்று கேட்டார்.

கேட்டதோடு நிற்கவில்லை. பெண்ணின் தகப்பனார் ஆஸ்பத்திரிக்கு வாழைக்குலை கொண்டு வந்தாரா இல்லையா என்றார். கொண்டு வந்தார் என்றார் டாக்டரம்மா. அந்தத் தகப்பனார் சொன்ன அட்வைஸா, வக்கீல் சொன்ன அட்வைஸா, மேலே உள்ள மிஷன்காரர்கள் சொன்ன அட்வைஸா என்று அடுக்கினார். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வக்கீல் நல்ல படிப்பாளி என்று பேர் வாங்கியவர். அந்தச் சொல்லின் அர்த்தம் அவருக்கு உண்மையிலேயே தெரியாதா, தெரிந்துகொண்டே அதன் ஓசையைப் பிடித்து ஆட்டினாரா என்று பின்னாளில் பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஜட்ஜ் வடக்கே கோட்டயம் பக்கத்துக்காரர். அதுவரை தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்தார். டாக்டர் சொன்ன சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தமக்குத் தெரியும், ஆனால் இந்தப் பெண்ணுக்கும் மாமியாருக்கும் தெரிய வேண்டும், டாக்டர் அதைத் தமிழில் சொல்லலாம் என்றார். "இவர்க்கெல்லாம் மனசிலாகணும்" என்று அவர் மலையாளம் கலந்து சொன்னது என் காதில் இருக்கிறது.

டாக்டரம்மா தமிழில் அதற்கு ஒரு சொல்லைத் தேடுகிறார் என்று தெரிந்தது. பிறகு, வக்கீலையும் ஜட்ஜையும் விட்டுவிட்டு மாமியைப் பார்த்துப் பேசினார்.

"இவளுக்க கையில பிள்ளையைக் குடுக்கப்படாதுன்னு சொல்லத்தான் நான் முதல்ல நெனச்சேன். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. அதுக்குக் காரணமும் உண்டு, நீங்க கண்டதுதான் அந்தக் காரணம். அதையெல்லாம் எடுத்து வச்சுப் பாத்தேன். இவ முதல்ல எங்கிட்ட பொய்தான் சொன்னா. பெறகு ஒரு நாள், தனக்கு ஆகாத உண்மையைத் தானாச் சொன்னா. அதுக்கும் பெறகு அவசரப்படாம இன்னும் கொஞ்ச நாள் பாத்தேன். எல்லாம் பாத்த பெறகுதான் சொல்லுதேன், குடுக்கலாம். தப்பானா என்ன ஆகும்னு தெரிஞ்சே சொல்லுதேன். யாரும் சொல்லித் தரல. எனக்க மனசோட நான் இருந்து ஆலோசிச்சதுக்குத்தான் அந்தச் சொல்லு."



எனக்கு அந்த நிமிஷத்தில் நேர்ந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதலில் சுருக்கென்று வலித்தது. இரண்டு தடவை என்னைத் தள்ளிவிட நினைத்திருக்கிறார். தினமும் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, என்னைத் தராசில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த கணமே அந்த வலி வேறொன்றாக மாறியது. கோவிலில் கருவறைக் கதவு திறக்கும்போது உடம்பு தானாக ஒடுங்குமே, அதுபோல ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவும் அப்பாவும் எனக்கு ஒன்றுமில்லை என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் என் மேலுள்ள பிரியத்தில் சொன்னவர்கள். அதனால் அது என்னைத் தேற்றவில்லை. இவர் என்னைச் சந்தேகப்பட்டவர். நான் என்னைச் சந்தேகப்பட்ட அளவுக்கு, ஒருவேளை அதைவிட அதிகமாக. அந்தச் சந்தேகத்தின் அடி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சொல்கிறார். அவர் சொன்ன பிறகுதான் நான் சுகமாகிவிட்டேன் என்று நானே நம்பினேன். அத்தனை சாயந்தரங்களும் எல்-ஒய் வால் வைத்த அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தன.

அந்தச் சொல்லை எங்கே வைப்பது

பிற்பாடு நானும் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பள்ளிக்கூடத்து வேலைக்குப் போனேன். அந்தச் சொல் என் காதில் மறுபடி விழுமா என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். அபூர்வமாகத்தான் விழுந்தது. ரேடியோவில் யாரோ ஒரு பெரியவர் கனமான ஒரு குற்றச்சாட்டைச் சொல்லிவிட்டு, இந்த வார்த்தையை அட்வைஸெட்லி பயன்படுத்துகிறேன் என்றார். வாய் தவறி வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், வேறு மென்மையான வார்த்தைகளையும் பார்த்துவிட்டு வேண்டுமென்றே இதை எடுத்தேன் என்று அர்த்தம். சாப்பிட்டேன், குளித்தேன் என்பதற்கெல்லாம் அதைச் சேர்க்க முடியாது. சொல்கிறவர் பின்விளைவுக்குப் பொறுப்பேற்கிற இடத்தில்தான் அது நிற்கும்.

தமிழில் அதற்கு ஒரே சொல் தேடிப் பார்த்திருக்கிறேன். 'தெரிந்தே' என்றால் கிட்டே வருகிறது, ஆனால் நம் பேச்சில் தெரிந்தே செய்தான் என்றால் குற்றம் சுமத்துகிற மாதிரி ஆகிவிடுகிறது. 'யோசித்து' என்றால் எடை போதவில்லை. 'நிதானமாக' என்றால் மெதுவாக என்று எடுத்துக்கொள்வார்கள். அகராதிக்காரர்கள் 'நன்கு ஆராய்ந்து' என்று போட்டிருக்கிறார்கள். பரவாயில்லை. எனக்கு டாக்டரம்மா கூண்டில் நின்று சொன்ன அத்தனை வாக்கியங்களும் சேர்ந்ததுதான் அதன் அர்த்தம்.

ஜட்ஜ் என்னிடம் கேட்டது

எதிர்த்தரப்பு வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். ஜட்ஜ் என்னை முன்னால் வரச் சொன்னார்.

கூண்டின் கம்பி டாக்டரம்மாவின் கைச்சூட்டோடு இருந்தது. நான் என்ன கேட்பார் என்று நினைத்தேனோ அதை அவர் கேட்கவில்லை. கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இனிமேல் ஒரு காலத்தில் அதே மாதிரி உறக்கம் போய், அதே மாதிரிக் குரல் கேட்டால் நீ என்ன செய்வாய் என்று கேட்டார்.

இனிமேல் வராது என்று சொல்லத்தான் வாய் போயிற்று. எங்கள் வக்கீலும் அதைத்தான் கண்ணால் சொன்னார். ஆனால் டாக்டரம்மா பேசியதைக் கேட்டுவிட்டு, உடனே அப்படியொரு பதிலைச் சொல்ல என்னால் முடியவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். ஜட்ஜும் அவசரப்படுத்தவில்லை.

"பிள்ளையை மாமிக்க கையில குடுத்துட்டு, நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன்."

சொல்லிவிட்டு மாமியைப் பார்த்தேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வக்கீல் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். எதிரி பக்கத்துச் சாட்சியையே நான் காவலுக்கு வைத்துவிட்டேன் என்று வெளியே வந்ததும் அப்பாவிடம் சலித்துக்கொண்டார்.

சில வாரத்தில் உத்தரவு வந்தது. குழந்தை தாயிடம் இருக்கட்டும். குழந்தையின் தகப்பன் வீட்டார் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

பஸ்ஸில் ஏறியவர்

அப்பாவும் நானும் கொட்டாரத்துக்குப் போனோம். என் வீட்டுக்காரர் முற்றத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாகர்கோவிலில் தனியாகக் கடை வைத்து எங்களைக் கூட்டிக்கொண்டு போகிற தைரியம் அவருக்கு வர இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. பிறகு கடைசிவரை நன்றாகத்தான் வைத்துக்கொண்டார். அவர் இருந்தவரை இதையெல்லாம் எழுத எனக்கு மனம் வரவில்லை.

மாமி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் விட்டுவந்தபோது கழுத்து நிற்காத பிள்ளை. இப்போது மேலே இரண்டு, கீழே இரண்டு பல். மாமியின் இடுப்பிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். வளையல்காரியைப் பார்க்கிற பார்வை.

மாமி குழந்தையை என் கையில் கொடுத்தார். என் கை பட்டதும் குழந்தை வில்லாக வளைந்து கத்தியது. பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கத்தல் நிற்கவில்லை. கடைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மூச்சு முட்டிக் குழந்தையின் உதடு நீலமாகிவிட்டது. கோர்ட்டு கொடுத்ததைக் குழந்தை கொடுக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினேன்.

கண்டக்டர் விசில் ஊதப் போகிற நேரத்தில் மாமி ஏறினார். மூச்சு வாங்கியது. ஒரு கையில் துணிப்பை, மறு கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம். யாரையும் பார்க்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாகர்கோவிலுக்கு ஒரு சீட்டு என்று கண்டக்டரிடம் சொன்னார். பிறகு என் மடியிலிருந்து குழந்தையை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டார். குழந்தை விம்மி விம்மி அடங்கியது. அப்பா முன் சீட்டில் திரும்பிப் பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாகர்கோவிலில் பஸ் மாறி ராஜாக்கமங்கலம் போய்ச் சேர்ந்தோம்; எங்கள் வீட்டில் அம்மா அவரை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. மாமியும் அதை எதிர்பார்க்கவில்லை. சாக்கு மூட்டைகள் அடுக்கிய அறையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். குழந்தையின் சோற்றைத் தானே வடித்தார். முதலில் என்னைப் பக்கத்தில் உட்கார மட்டும் வைத்தார். பிறகு கிண்ணத்தைப் பிடிக்கச் சொன்னார். பிறகு பழத்தைப் பிசைந்து என் விரலால் ஊட்டச் சொன்னார். குழந்தை துப்பினால் பரவாயில்லை, இன்னொரு வாய் என்பார்.

அப்படியும் என் மடிக்கு வரவில்லை. ஒரு நாள் மாமி தன் பழைய நூல் சேலை ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இதை உடுத்துக்கோ பொன்னு. எனக்க வாடை இருக்கும். பிள்ளைக்குப் பயம் விடும்."

உடுத்துக்கொண்டேன். வேப்பெண்ணெயும் வெற்றிலையும் கலந்த மணம். குழந்தை என் தோளில் முகத்தை வைத்து, முகர்ந்து, சந்தேகமாக என்னை நிமிர்ந்து பார்த்து, மறுபடியும் முகத்தை வைத்தது. இப்படி ஒரு மாதத்துக்கு மேல் போயிற்று. என்னை அந்தக் கிணற்றுச் சுவரின்மேல் பார்த்த ஒரு மனுஷி, என் கைக்குப் பிள்ளையைப் பழக்கிக்கொண்டிருந்தார். அம்மா எப்போது அவருக்குக் காப்பி கொடுக்கத் தொடங்கினாள் என்று எனக்கு நினைவில்லை.

ஒரு காலை. மழை விட்டு வெயில் அடித்தது. மாமியின் சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, நான் என் சொந்தச் சேலையில் முற்றத்தில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தேன். மாமி வாசல் நடையில் இருந்தார். குழந்தை அவர் காலடியில் விளையாடிக்கொண்டிருந்தது. சுளகில் பயறு குதிக்கிற சத்தம் கேட்டுத் திரும்பியது. தவழ்ந்து, ஈரத் தரையில் கையை ஊன்றி, நேராக என்னிடம் வந்து என் மடியைப் பிடித்து எழுந்து நின்றது.

நான் அசையவில்லை. மாமியும் அசையவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மாமி எழுந்தார். உள்ளே போய்த் துணிப்பையை எடுத்துவந்தார். கொடியிலிருந்து சேலையை உருவி நாலாக மடித்தார். இன்னும் ஈரம் காயவில்லையே மாமி, நாளைக்குப் போகலாமே என்றேன்.

"போற வழியில காஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு, குழந்தை பார்க்காமல் வீட்டின் பின்பக்கமாகச் சுற்றி, பஸ்ஸுக்கு நடந்தார்.